கினிப்பன்றியும் பச்சிலையும்

கினிப்பன்றி பெயரளவிலேதான் பன்றி. தென் அமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்துவந்த கொறிக்கும் பிராணி அது. அதனைப் புதிதாக வளர்க்கத் தொடங்குவோர், உலர்ந்த தானியத்தை நிறைய இட்டு மனநிறைவு அடைவதுண்டு. ஆயினும் சில வாரங்களில் அது உண்ண மறுக்கும், மூட்டுகள் வீங்கும், நடக்கவும் தயங்கும். விற்றமின் சி குறைவதே இதற்குக் காரணம்.

பெரும்பாலான விலங்குகள் இச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதனைப் போலவே கினிப்பன்றிக்கும் அவ்வாற்றல் இல்லை. நோர்வே நாட்டு அறிஞரான ஓல்ஸ்ற், புரோலிக் என்போர், தானியம் மட்டுமே ஊட்டப்பெற்ற கினிப்பன்றிகளிடத்தே, முற்காலத்தில் மாலுமிகளை மாய்த்த ஸ்கேவி நோய் தோன்றுவதை 1907ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். புதிய கோவா இலையும் எலுமிச்சஞ்சாறும் அந்நோயைத் தடுத்தன.

ஆகவே, நாள்தோறும் பசிய இலைகளும் கறிமிளகாய்த் துண்டொன்றும் கொடுத்தல் வேண்டும். ஓயாது வளரும் பற்கள் தேய்வதற்கு உலர்ந்த புல் எந்நேரமும் கூட்டில் இருத்தல் வேண்டும். கினிப்பன்றி தன் நோயை வெளிக்காட்டாத பிராணி. தீண்டாது விட்ட உணவே அதன் முறைப்பாடு. அதனைக் கண்டால் மறுநாள்வரை பொறுத்திராது, மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் வளர்ப்பவரின் கடமையாகும்.