மருத்துவமனை விரிவடையும்போது மழைநீர் வடிகாலுக்கு யார் பணம் தருவது?

(நகர்ப்புற உள்ளாட்சிப் பணிகள் குறித்த கட்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மாநகராட்சி வார்டுகளில் பணியாற்றும் நம் தோழர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒரு வட்டாரத்தில் உள்ள மருத்துவமனை புதிய கட்டடம் எழுப்புகிறது. படுக்கைகள் கூடுகின்றன, நாம் வரவேற்கிறோம். அடுத்த மழைக்காலத்தில், முன்பு கணுக்காலளவு நின்ற நீர் பக்கத்துக் குடியிருப்பில் முழங்காலளவு நிற்கிறது. வடிகாலைப் பெரிதாக்க வேண்டும் என்கிறார்கள் பொறியாளர்கள். அதற்கான பணத்தை யார் தருவது? இதைக் கேட்டவுடன், "ஆஸ்பத்திரி வருவதையே எதிர்க்கிறீர்களா?" என்ற எதிர்க்கேள்வி வருகிறது. அந்தப் பழிக்கு அஞ்சி நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். பேசாமல் இருக்கத் தேவையில்லை. மருத்துவமனையை ஆதரித்துக்கொண்டே இக்கேள்வியை எழுப்ப முடியும், எழுப்பவும் வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சாக்கடை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு உண்டு. கழிப்பறை, குளியலறை, சமையலறை நீரைக் கொண்டுசெல்வது கழிவுநீர்க் குழாய். கூரையிலும் சாலையிலும் விழும் மழையைக் கொண்டுசெல்வது மழைநீர் வடிகால். கழிவுநீருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மும்பை போன்ற நகரங்களில் எவ்வளவு தண்ணீர் வாங்குகிறோமோ அதற்கேற்பக் கழிவுநீர்க் கட்டணமும் அந்தப் பட்டியலிலேயே சேர்ந்து வருகிறது. ஒரு வளாகத்திலிருந்து தெருவுக்குத் தள்ளப்படும் மழைநீருக்கு அப்படி ஒரு மீட்டர் இல்லை. ஆகவே, அதன் செலவு யார் தலையிலும் எழுதப்படாமல் எல்லார் தலையிலும் விழுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 5 லட்சம் லிட்டர். அந்த நிலம் புல்லும் மரமுமாக இருந்தால், ஏறத்தாழக் கால் பங்கே வெளியே ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம்: 1 லட்சத்து 25 ஆயிரம் லிட்டர். அதே நிலம் கான்கிரீட் கூரையும் வாகன நிறுத்துமிடமும் ஆகிவிட்டால், பத்தில் ஒன்பது பங்கு ஓடிவரும்: 4 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். கூடுதலாக வரும் 3 லட்சத்து 25 ஆயிரம் லிட்டர் என்பது, பத்தாயிரம் லிட்டர் லாரிகள் ஏறத்தாழ முப்பத்திரண்டை ஒரே மணி நேரத்தில் தெருமுனையில் திறந்துவிடுவதற்குச் சமம். தெரு வடிகாலின் அளவோ மாறவில்லை.

இது நடைமுறையில் எப்படி அமைகிறது என்பதற்கு மும்பையே சான்று. அந்நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்குமாறு, அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்தில் தாங்குமாறு அமைக்கப்பட்டவை. அந்தக் கணக்கில் இன்னொன்றும் அடங்கியிருந்தது: விழும் மழையில் பாதியை மண் குடித்துக்கொள்ளும் என்ற அனுமானம். 1993இல் அளிக்கப்பட்ட 'பிரிம்ஸ்டோவாட்' அறிக்கை, மணிக்கு 50 மில்லிமீட்டர் மழைக்கு வடிகால்களைத் திருத்தி அமைக்கப் பரிந்துரைத்தது. அறிக்கை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் இருந்தது. 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதன் பிறகே 2007இல் ஒன்றிய அரசு ஏறத்தாழ 1,200 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. புதிய வடிவமைப்பில், மண் எதையும் குடிக்காது, விழுவதெல்லாம் ஓடிவரும் என்றே கொள்ளப்பட்டது. மண் இலவசமாகச் செய்துவந்த வேலையை இனிப் பொதுப்பணம் செய்ய வேண்டும் என்பதே இதன் பொருள்.

அந்த மண்ணை மூடியவர்கள் யார்? பரேல், லால்பாக் பகுதியிலிருந்த பஞ்சாலை நிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1991ஆம் ஆண்டின் விதி, ஆலை நிலம் கைமாறும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சியின் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், எஞ்சியது உடைமையாளருக்கும் என்று வகுத்தது. 2001இல் செய்யப்பட்ட திருத்தம், ஏற்கெனவே காலியாகக் கிடந்த நிலத்துக்கு மட்டுமே இந்தப் பங்கீடு பொருந்தும் என்று சுருக்கிவிட்டது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பூங்காவாகி மழையைக் குடித்திருக்க வேண்டிய நிலத்தில் கோபுரங்கள் எழுந்தன. அருகிலுள்ள ஹிந்துமாதா சந்திப்பு ஆண்டுதோறும் மூழ்கியது. இப்போது அந்நீரைத் தேக்கிவைக்க மாநகராட்சி தன் செலவில் பொது மைதானங்களுக்கு அடியில் தொட்டிகள் கட்டியிருக்கிறது. இலாபம் மேலே போயிற்று. நீரும் செலவும் கீழே வந்தன.

அதே பரேலில்தான் மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையும், டாடா நினைவு மருத்துவமனையும், வாடியா மருத்துவமனையும் அருகருகே உள்ளன. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் புற்றுநோயாளிகளும் உறவினர்களும் அங்கு நடைபாதையில் தங்கிச் சிகிச்சைக்குக் காத்திருப்பதை நாடறியும். அவர்களுக்குக் கூடுதல் படுக்கைகள் வேண்டும், வடிகாலும் வேண்டும். வடிகால் பொங்கினால் முதலில் நனைவது அவர்களின் பாய்தான். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர்கள் நோயாளியின் பக்கம் நிற்பவர்கள் அல்லர்.

அப்படியானால் செலவை எப்படிப் பிரிப்பது? நாம் மூன்று பகுதிகளாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பழைய குறை. நூறாண்டு காலக் குழாய் உடைந்திருந்தால், அதற்குப் புதிதாகக் கட்டுபவர் பொறுப்பல்லர். அச்செலவு ஒன்றிய, மாநில, உள்ளாட்சி அரசுகளின் பொது வருவாயிலிருந்து வர வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மும்பை மாநகராட்சி தன் பெரும் வருவாயான ஆக்ட்ராய் வரியை இழந்தது. உள்ளாட்சியின் வரி உரிமையைப் பறித்துவிட்டு, "உங்கள் வடிகாலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது நியாயமாகாது.

இரண்டாவது, விரிவாக்கத்தால் கூடும் நீர். இதற்கான செலவை விரிவடையும் நிறுவனமே ஏற்க வேண்டும். அது தனியார் மருத்துவமனையாயின் தன் முதலீட்டிலிருந்து, கட்டட நிறைவுச் சான்று பெறும் முன்பே தர வேண்டும். அறக்கட்டளை மருத்துவமனை என்றால், "நாங்கள் சேவை செய்கிறோம்" என்பார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது சேவை ஆகாது. சலுகை என்றால் கடமையும் உண்டு என்பது நம் சட்டத்துக்குப் புதிதன்று. மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை மருத்துவமனைகள் பத்து விழுக்காட்டுப் படுக்கைகளை வறியவர்களுக்கு இலவசமாகவும், மேலும் பத்து விழுக்காட்டை நலிந்தோருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கக் கடமைப்பட்டவை. டில்லியில் சலுகை விலையில் நிலம் பெற்ற மருத்துவமனைகள் ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை அளித்தே ஆக வேண்டும் என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வரிசையில் வடிகால் கடமையையும் சேர்க்கக் கேட்கிறோம், அவ்வளவே.

மூன்றாவது, அரசு மருத்துவமனை. இங்கேதான் நம்மில் பலர் தயங்குகிறோம். அரசு மருத்துவமனையின் கூரையிலிருந்து வழியும் நீருக்கும் தனியாரின் கூரையிலிருந்து வழியும் நீருக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே அங்கும் கணக்கிட வேண்டும். ஆனால் அத்தொகை கட்டட மதிப்பீட்டிலேயே ஒரு தலைப்பாக இடம்பெற்று, மருத்துவமனையை நடத்தும் அரசின் சுகாதார மூலதன நிதியிலிருந்து வர வேண்டும். வார்டின் சொற்ப நிதியிலிருந்தோ, நோயாளியின் புறநோயாளிச் சீட்டுக் கட்டணத்திலிருந்தோ எடுக்கக் கூடாது.

"தனியாரிடம் வசூலித்தால் நோயாளியின் பில்லில் ஏற்றிவிடுவார்களே" என்று கேட்கலாம். வடிகால் ஒருமுறைச் செலவு. அதை மருத்துவமனை தராவிட்டால் அது மறைந்துவிடப் போவதில்லை. அரிசி நனைந்து, கூலி இழந்து, காய்ச்சலில் படுக்கும் தாழ்வான பகுதி மக்கள் தருகிறார்கள். மருத்துவக் கட்டணக் கொள்ளையைத் தடுக்கும் வழி, 2010ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கட்டண வரையறையைக் கறாராகச் செயல்படுத்துவது. வடிகால் செலவைத் தள்ளுபடி செய்வது அதற்கு வழியாகாது.

இன்னோர் எச்சரிக்கை. கூடும் நீருக்கு நிறுவனம் பொறுப்பு என்று நாம் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே அளவான வடிகால் கட்டணம் என்று கிளம்பிவிடுவார்கள். 2005இல் தொடங்கிய ஜே.என்.என்.யு.ஆர்.எம். திட்டமே பயன்பாட்டுக் கட்டணங்களை நிதியின் நிபந்தனையாக்கியது. குடிசைக்கும் கோபுரத்துக்கும் ஒரே கட்டணம் என்பதை நாம் ஏற்கலாகாது. ஜெர்மனியின் பல நகரங்களில் மூடப்பட்ட நிலத்தின் சதுர மீட்டரைக் கணக்கிட்டு மழைநீர்க் கட்டணம் விதிக்கிறார்கள். அதில் சிறு வீடுகளுக்கு விலக்கும் சேர்த்தால், நியாயமான அளவுகோல் ஒன்று கிடைக்கும். நம் நாட்டில், மகாராஷ்டிரத்தின் வளர்ச்சிக் கட்டணம் நில மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. வெளியேறும் நீரைக் கொண்டு அன்று.

பணத்துக்கு முன் ஒரு கடமையும் உண்டு: நீரை வளாகத்திலேயே தேக்குதல். நிலத்தடித் தொட்டி, நீர் ஊடுருவும் தரை, கசிவுக் குழி ஆகியவற்றால், கட்டுவதற்கு முன் ஓடிய அளவுக்குமேல் வெளியே விடாமல் தடுக்கலாம். அப்படித் தடுப்பவர் தர வேண்டிய தொகை குறையும். இது மருத்துவமனைக்கே நல்லது. 2018 ஜூலையில் பாட்னாவின் நாலந்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வெள்ளம் புகுந்து, அதில் மீன்கள் நீந்தியதை நாடே பார்த்தது.

தோழர்கள் செய்ய வேண்டியது என்ன? 20,000 சதுர மீட்டர், அதற்கு மேற்பட்ட கட்டுமானத்துக்கு 2006ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி தேவை. அதற்கான விண்ணப்பத்தையும் அனுமதியின் நிபந்தனைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகப் பெறுங்கள். அவற்றில் மூன்றைத் தேடுங்கள்: கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஓடும் நீரின் அளவு, வளாகத்துக்குள் தேக்கும் ஏற்பாடு, தெரு வடிகாலுக்கான தொகையும் அதைச் செலுத்தும் நாளும். இல்லையெனில், அஸ்திவாரம் தோண்டும் முன்பே மாமன்றத்தில் எழுப்புங்கள். கட்டடம் திறந்து நாடா வெட்டிய பிறகு கேட்டால் செவிசாய்ப்பார் இல்லை. அத்தொகை தனிக்கணக்கில் வைக்கப்பட்டு, அதே வடிகால் பகுதியில் செலவிடப்படுகிறதா என்பதை ஆண்டுதோறும் கேளுங்கள். இக்கோரிக்கைகளைக் குடியிருப்போர் மட்டுமே சுமந்து செல்ல வேண்டியதில்லை. மருத்துவமனையின் செவிலியரும் துப்புரவுத் தொழிலாளரும் பெரும்பாலும் அதே தாழ்வான தெருக்களில்தான் வாழ்கிறார்கள். அவர்களின் சங்கத்தையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.