தலையெழுத்தா, எழுத்துப்பிழையா?



1990-களில் இளைஞராக இந்த மறைமலை நகருக்குத் தொழிற்சாலை வேலை தேடி வந்தவர்கள் பலர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அந்த வயதில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவரும்போது, வீட்டார் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “ஏன் இவருக்கு?” சிலர் தலையெழுத்து என்கிறார்கள். சிலர், என்ன பாவம் செய்தாரோ என்று சொல்லி நோயாளியையே நோகடிக்கிறார்கள். மருத்துவ ஆய்வு இதற்கு என்ன சொல்கிறது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் நமக்கு வந்த மரபுச் செய்தி, பிரதிக்கு 300 கோடி எழுத்து வீதம், நம் செல்களில் இருக்கிறது. செல் இரண்டாகும்போதெல்லாம் அதைப் பார்த்து எழுதியாக வேண்டும். ஓலைச்சுவடியைப் பிரதி எடுத்தவர்களுக்குக் கை தவறியதுபோல இங்கும் பிழை விழுகிறது. பெரும்பாலான பிழைகளை உடலே திருத்திவிடுகிறது, சில தங்கிவிடுகின்றன.

பிழை எந்த எழுத்தில் விழும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை சேரும் என்பது ஒரு கணக்குக்குள் அடங்குகிறது. இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தார் 16 வகைப் பாலூட்டிகளின் குடல் செல்களை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். மனிதரில் ஆண்டுக்குச் சுமார் 47 பிழைகள். சுண்டெலியில் சுமார் 800. மூன்று நான்கு ஆண்டு வாழும் எலியும் எண்பது ஆண்டு வாழும் மனிதரும் கடைசியில் ஏறக்குறைய ஒரே சுமையோடுதான் போய்ச் சேருகிறார்கள்!

மரபெழுத்தின்மேல் ஒட்டும் மீத்தைல் குறிகள் இன்னும் ஒழுங்காக மாறுகின்றன. அமெரிக்காவின் ஸ்டீவ் ஹார்வத், 353 இடங்களிலுள்ள குறிகளைக்கொண்டே ஒருவருடைய வயதைச் சில ஆண்டு வித்தியாசத்தில் சொல்லலாம் என்று 2013-ல் காட்டினார்.

நம் கையில் இருப்பதும் உண்டு. தினம் ஒரு பாக்கெட் சிகரெட் வீதம் ஓராண்டு புகைத்தால், நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 பிழைகள் கூடுகின்றன என்று 2016-ல் வந்த ஆய்வு கூறுகிறது. இதைப் புகைத்தவரைப் பழிக்கச் சொல்லவில்லை. இன்றே நிறுத்தினால் அந்தக் கூடுதல் சுமை நிற்கும் என்பதற்காகச் சொல்லுகிறோம்.

புகைக்காதவருக்கும் புற்றுநோய் வருகிறது. அது அவருடைய குற்றமல்ல. வயதோடு பிழைகள் கூடும் என்பது தெரிந்திருப்பதால், நோய் முற்றும்வரை நாம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. முப்பதைக் கடந்தவர்கள் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளட்டும். உங்கள் சபையில் நோயுற்ற ஒருவர் இருந்தால், காரணம் தேடிப் போகாமல் துணையாகப் போங்கள்.