நின்னு வாசிக்கிறதா, உட்கார்ந்து வாசிக்கிறதா? காலைக் கேளுங்க

இன்பாக்ஸ்ல வந்த ஒரு கேள்வியைத்தான் இன்னைக்கு முழுசா எடுத்துக்கப் போறேன். காலேஜ் பேண்டுல கீபோர்டு வாசிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார். "அண்ணா, வீட்ல உட்கார்ந்துதான் பிராக்டிஸ் பண்றேன். ஸ்டேஜ்ல மத்த எல்லாரும் நிக்கிறாங்க, நீ மட்டும் உட்கார்ந்தா டல்லா இருக்குன்னு சொல்றாங்க. எது சரி?"

இந்தக் கேள்வியை நாலு மியூசிஷியன்ஸ் இருக்கிற இடத்துல கேட்டுப் பாருங்க. ரெண்டு பேர் முதுகுவலியைப் பத்திப் பேசுவாங்க, ரெண்டு பேர் ஸ்டேஜ் எனர்ஜியைப் பத்திப் பேசுவாங்க. காலைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. ஆனா என்னைக் கேட்டா முதல் கேள்வியே அதுதான்: நீங்க வாசிக்கிற பாட்டுல உங்க காலுக்கு என்ன வேலை?

1950கள்ல ராக் அண்ட் ரோல் வந்தப்போ லிட்டில் ரிச்சர்ட் நின்னுக்கிட்டே பியானோவை வெளுத்து வாங்கினார். ஜெர்ரி லீ லூயிஸ் பெஞ்சை உதைச்சுத் தள்ளிட்டு எழுந்து வாசிப்பார். பார்க்க சர்க்கஸ் மாதிரி இருக்கும். ஆனா அவங்க வாசிச்சதைக் கவனிங்க. ஒரே கார்டை டக் டக் டக்குன்னு தட்டுற ஸ்டைல். அதுல நோட்டு நீண்டு ஒலிக்க வேண்டிய அவசியம் குறைவு, அதனால பெடல் பெருசா தேவையில்லை. கால் ஃப்ரீ. நின்னதால அவங்க இழந்தது ஒண்ணுமில்லை. முதுகு மட்டும் கொஞ்சம் வளையணும், ஏன்னா பியானோ கீ தரையிலிருந்து சுமார் 73 செ.மீ. உயரத்துலதான் இருக்கும். ரெண்டரை நிமிஷப் பாட்டுக்கு அது தாங்கும்.

இப்போ எதிர்ப்பக்கம். ஜாஸ்ல ஜிம்மி ஸ்மித். அவர் வாத்தியம் ஹேமண்ட் பி-3 ஆர்கன். அதுல கீழே காலால வாசிக்கிறதுக்கு 25 பேஸ் பெடல் இருக்கும், வலது காலுக்கு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெடல் தனியா இருக்கும். அவருடைய ட்ரியோவுல ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் அவ்வளவுதான். பேஸ் கிட்டாரிஸ்ட் கிடையாது. இடது கையும் இடது காலும் சேர்ந்துதான் பேஸ். அவர் எழுந்து நின்னா பேண்டுல அஸ்திவாரமே பாதி போயிடும்.

அதே ஹேமண்ட் கம்பெனி ஆர்கனை வெச்சுக்கிட்டு கீத் எமர்சன் ஆட்டம் போட்டாரே, அது எப்படி? ஆர்கன் மேல ஏறினார், அதைச் சாய்ச்சார், கீ நடுவுல கத்தியைச் சொருகினார். எமர்சன், லேக் அண்ட் பாமர்ல பேஸைப் பார்த்துக்க கிரெக் லேக் இருந்தார், அதனால முடிஞ்சது. பேஸ் வேலையை இன்னொருத்தர் எடுத்துக்கிட்டா, ஆர்கன்காரர் காலுக்கு விடுமுறை.

நம்ம ஊரிலயும் இதேதான். நாடக மேடையில காலால மிதிச்சுக் காற்றடிக்கிற ஹார்மோனியம் பார்த்திருப்பீங்க. ரெண்டு கையும் கீ மேல, காற்றுக்குப் பொறுப்பு கால். அதை நின்னுக்கிட்டு வாசிக்கிற பேச்சுக்கே இடமில்லை. கர்நாடக சங்கீதத்தைக் கீபோர்டுல வாசிக்கிறவங்க தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்துடுறாங்க. ஒரே மெலடி லைன், வலது கை ஸ்வரம், இடது கை பிட்ச் பெண்ட் வீல்ல கமகம். பெடலுக்கு வேலையே இல்லை, கால் மடிஞ்சு கிடந்தா என்ன?

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். சினிமாப் பாட்டு வாசிக்கிற பேண்ட். மெலடி பாட்டுன்னா பியானோ சவுண்டு, சஸ்டெய்ன் பெடல் கட்டாயம். உட்கார்ந்திருக்கும்போது குதிகால் தரையில இருக்கும், முன்பாதம் மட்டும் மேல கீழ போகும். உடம்பு எடையை ஸ்டூல் தாங்குது, காலுக்கு அந்த ஒரு வேலைதான். நின்னா என்ன ஆகும்? வலது கால் பெடல் மேல, அதனால எடை பூரா இடது கால்ல. முதல் நாலு பாட்டுக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் ஆச்சுன்னா இடது இடுப்பு கேள்வி கேட்க ஆரம்பிக்கும். அதைவிட மோசம், பேலன்ஸுக்காக வலது பாதமும் கொஞ்சம் எடையை எடுத்துக்கும். அப்போ பெடல் முழுசா மேல வராது. கார்டு மாறினாலும் பழைய கார்டு கூடவே ஒலிச்சுக்கிட்டு இருக்கும். சவுண்டு இன்ஜினியர் ரிவெர்ப் ஜாஸ்தியோன்னு தேடுவார், தப்பு உங்க கால்ல இருக்கும்.

அடுத்தது உயரம். உட்காருங்க, நில்லுங்க, கீ உங்க முழங்கை மட்டத்துல இருக்கணும். முன்கை தரைக்கு இணையா, இல்லைன்னா ஒரு நூல் கீழே சரிஞ்சு. சுமார் 165 செ.மீ. உயரம் இருக்கிறவருக்கு நின்னா முழங்கை 100 முதல் 105 செ.மீ.ல வரும். அப்போ ஸ்டாண்டைப் பியானோ உயரத்தைவிட 30 செ.மீ. போல ஏத்தணும். நிறைய பேர் அவ்வளவு ஏத்துறதில்லை. கிட்டாரைத் தொடை வரைக்கும் தொங்க விடுறாங்களே, அந்த மாதிரி கீபோர்டையும் இடுப்புக்குக் கீழ வெச்சுக்கிறாங்க. போட்டோவுக்கு நல்லா இருக்கும். மணிக்கட்டு பின்பக்கமா மடங்கி, அதே நிலையில ரெண்டு மணி நேரம். தினமும் லேப்டாப்ல டைப் பண்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அந்த மணிக்கட்டு வீட்டுக் கடன் மாதிரி, ரெண்டு இடத்துல வட்டி கட்ட முடியாது.

வீட்ல உட்கார்ந்து வாசிக்கிறதும் பலருக்குச் சரியா இல்லை, அதையும் சொல்லிடுறேன். சாதாரண டேபிளே சுமார் 75 செ.மீ. அது மேல கீபோர்டை வெச்சா கீ 85ஐத் தொட்டுடும். சாதாரண நாற்காலியில உட்கார்ந்தா தோள் தூக்கிக்கும். டேபிளைக் குறைக்க முடியாது, நாற்காலி மேல தலையணை போடுங்க. சிரிக்காதீங்க, வேலை செய்யும்.

எக்ஸ் ஸ்டாண்டு வெச்சிருக்கீங்களா? அதுல ஒரு ஜியோமெட்ரி சிக்கல். உயரத்தை ஏத்த ஏத்த அடிப்பகுதி குறுகிடும். நின்னு வாசிக்கிற உயரத்துக்கு ஏத்தி ஓங்கி அடிச்சா கீபோர்டு படகு மாதிரி ஆடும். உட்காரும் உயரத்துக்கு இறக்கினா குறுக்குக் கம்பி முழங்காலை இடிக்கும். டேபிள் மாதிரி நாலு கால் இருக்கிற ஸ்டாண்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ரெண்டு கீபோர்டு அடுக்கி வாசிக்கிறீங்கன்னா மட்டும் என் ஓட்டு நிக்கிறதுக்குத்தான். உட்கார்ந்தா மேல் கீபோர்டு கழுத்துக்கு வந்துடும்.

அப்போ தம்பி என்ன பண்ணணும்? செட் லிஸ்ட்டை எடுங்க. பெடல் இல்லாம ஓடுற பாட்டு எது, பெடல் இல்லைன்னா செத்துப்போற பாட்டு எதுன்னு பிரிங்க. குத்துப்பாட்டு, சிந்த் லீடு, பிராஸ் ஸ்டாப் எல்லாம் நின்னு வாசிங்க, யாரும் டல்லுன்னு சொல்ல மாட்டாங்க. மெலடி வரிசையா வர்ற இடத்துக்கு ஒரு உயரமான ஸ்டூல், பார் ஸ்டூல் மாதிரி. ஸ்டாண்டு உயரத்தை மாத்தவே வேண்டாம். பாதி உட்கார்ந்து இடது காலைத் தரையில ஊன்றிக்கிட்டா வலது கால் பெடலுக்கு ஃப்ரீ ஆயிடும். தூரத்திலிருந்து பார்க்கிறவங்களுக்கு நின்ன மாதிரியேதான் தெரியும். மூணு மணி நேரக் கல்யாணக் கச்சேரிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியலை.

எதை முடிவு பண்ணாலும், ஷோவுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வீட்ல அதே உயரத்துல, அதே செருப்போ ஷூவோ போட்டு வாசிங்க. வெறுங்கால்ல பழகின பெடல், ஷூ போட்டதும் வேற பெடல் ஆயிடும்.

கடைசியா ஒரு டிப். நிறைய கீபோர்டு, ஆன் பண்ற நொடியில பெடல் எந்த நிலையில இருக்கோ அதைத்தான் 'மிதிக்காத நிலை'ன்னு எடுத்துக்கும். பெடல் மேல காலை வெச்சுக்கிட்டே பவர் போட்டீங்கன்னா எல்லாம் தலைகீழா வேலை செய்யும்: மிதிச்சா கட், விட்டா சஸ்டெய்ன். பதறாதீங்க. காலை எடுத்துட்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ஆமா, சாஃப்ட்வேர்காரன் சொல்ற அதே பதில்தான்.

அடுத்த எபிசோட்ல ஸ்டேஜ் மானிட்டர். பார்க்கலாம்.