வெள்ளிக்கிழமை யாருக்கு?

(கெடா தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், ஒழுகும் கூரை என்று பேசிப் பேசி நம் மேடைக்கே தொண்டை கட்டிவிட்டது. எனக்குக் கொடுத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் ஓய்வு நாள் வெள்ளி. அந்த ஒரு நாளை வெட்டவெளியில், அமைதியாக, காசு கரையாமல் கழித்தால் எப்படியிருக்கும்?

முதலாவது, இருட்டில் எழ வேண்டாம். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து ஓட்டம் மட்டுப்படும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு ஓடுகிறோம். ஆறு நாள் மரத்துக்காக எழுந்தவன் ஏழாம் நாள் தனக்காக எழட்டும். பெரட்டு இல்லை, வாளி இல்லை. வாசலில் உட்கார்ந்து கோப்பியை ஆறவிட்டுக் குடிக்கலாம். எதிரே ஜெராய் மலை, 1,217 மீட்டர் உயரம். அக்காலத்தில் கடலில் வந்த மாலுமிகள் இதைப் பார்த்துத்தான் கரையை அறிந்தார்கள். நாமோ தினமும் அதன் காலடியில் மரம் வெட்டுகிறோம். நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்?

பிறகு புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொண்டு மெர்போக்குக்குப் போகலாம். அங்கே ஓடையோரத்தில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கற்கள் இருக்கின்றன. குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1936, 37-ஆம் ஆண்டுகளில் தோண்டிப் பார்த்த இடம். 1960 வாக்கில் கற்களை எடுத்து அடுக்கி மீண்டும் கட்டினார்கள். 1980-ல் அருகிலேயே அரும்பொருட்காட்சி சாலையும் வந்தது. 1025-ல் இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இந்தப் பக்கமே என்பர் ஆராய்ச்சியாளர். அந்தப் பெருமையை நம் மேடைகளில் நிரம்ப முழங்குகிறார்கள், முழங்கட்டும். எனக்கு மன்னனைவிட அந்தக் கல்லைச் சுமந்தவன்தான் நினைவுக்கு வருகிறான். அவனுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைத்திருக்குமா? பிள்ளைகளை ஓடையில் காலை நனைக்க விட்டுவிட்டு, நிழலில் சாய்ந்து இதை யோசித்துக் கொண்டிருந்தாலே பொழுது போய்விடும். போகிறவர்கள் சீக்கிரம் போங்கள். இதே பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயிலின் அடித்தளத்தை 2013-ல் வீடு கட்டுவதற்காக இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

இதெல்லாம் பணக்காரன் பேச்சு என்கிறீர்களா? இல்லை தோழர்களே. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 1957 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் 59-ஆம் பிரிவு வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. சில விலக்குகள் தவிர, அன்று வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. 1958-ல் ஜெனீவாவில் தோட்டத் தொழிலாளருக்கென்றே செய்த ஒப்பந்தத்திலும் வார ஓய்வு இருக்கிறது.

நான் செக்ரோல் எழுதுகிறவன். ஓய்வு நாளிலும் பெயர்கள் விழுவதைப் பார்க்கிறேன். இரட்டைச் சம்பளம் என்று வருகிறார்கள். மழையில் வெட்டு நின்ற மாதத்தில் வேறென்ன செய்வார்கள்? அரிசிக்குக் கடன் சொன்னவனிடம் போய் ஓடையைப் பற்றிப் பேசினால் அவன் என்னை அடிக்க வருவான், வர வேண்டியதும்தான். ஆகவே நம் கோரிக்கை இரண்டல்ல. ஆறு நாள் உழைப்பு ஏழு நாளும் சோறு போட வேண்டும்.

இன்னொன்று, ஆண்களுக்கு. தாய்மார்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஒரு வாரத்து அழுக்குத் துணி. தூண்டிலைத் தூக்குமுன் துணி வாளியைத் தூக்குங்கள். போத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதே கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். 1947-ல் பீடோங் பக்கத்தில் அதற்காக உயிரும் போயிற்று. அவர்கள் மீட்கப் பார்த்தது கூலிப் பணத்தை மட்டுமல்ல, ஓய்வு நாளையும்தான் என்பேன்.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை மெர்போக்குக்கு ஒரு பஸ் பேசலாமென்று கிளைச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். வருகிறவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. சோறு அவரவர் கட்டிக்கொண்டு வாருங்கள். சம்பல் என் வீட்டிலிருந்து.