மாப்பொருள் உறையும் நம் வளவு மண்ணும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



அவித்த இலையில் அயடீன் துளி விட்டு, அது கருநீலமாவதை இந்தப் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் பார்த்தவர்கள் நாங்கள். அந்த மாப்பொருளைக் கொண்டு இன்று மரக்கறிக்கும் பழத்துக்கும் உறை செய்கிறார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்தோம்.

வைத்தியர்களுக்கு உறையோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். வளவில் கிடக்கும் பொலித்தீன் பையில் தேங்கும் சிறிதளவு மழைநீரே டெங்கு நுளம்பு பெருகப் போதும். பையை எரித்தாலோ, அந்தப் புகை ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வாட்டுகிறது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டுக்கும், 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் கொண்ட பொலித்தீனுக்கும் இங்கு தடை வந்தது.

ஆனாலும் உறையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. பறித்த பிறகும் காய் சுவாசிக்கிறது. ஒட்சிசனை எடுத்து, காபனீரொட்சைட்டையும் நீராவியையும் விடுகிறது. திறந்து வைத்தால் வாடும். பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு வைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நம் நாட்டில் விளையும் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 வீதம் வரை வீணாகிறது என்பது பொதுவான மதிப்பீடு.

மாப்பொருள் உறை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, சிறிது கிளிசரின் சேர்த்துக் கூழாகக் காய்ச்சி, தட்டில் மெல்லிதாகப் பரவி உலர்த்தினால் உறை தயார். கிளிசரின் இல்லாவிட்டால் அப்பளம் போல நொறுங்கும். உலர்ந்த நிலையில் அது ஒட்சிசனை நன்றாகத் தடுக்கும். நீராவியை வெளியே விடும். பூஞ்சணத்தைத் தடுக்கக் கறுவா எண்ணெய் சேர்த்தும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

அதன் பலவீனமும் தண்ணீர்தான். ஈரம் பட்டால் இளகிவிடும். சோறு கறி கட்ட உதவாது. அதனால் விற்பனைக்கு வரும் உறைகளில் பெரும்பாலும் வேறு பொருள்களையும் கலக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மாப்பொருளோடு பொலித்தீனைக் கலந்தால், நுண்ணுயிர்கள் மாப்பொருளைத் தின்றுவிடும்; பொலித்தீன் துணுக்குகளாகி மண்ணில் தங்கும். பொலிலக்ரிக் அமிலம் கலந்தால், 60 பாகை அளவு சூடுள்ள கூட்டெரு நிலையத்தில் உக்கும். நம் வீட்டுக் குப்பைக்கிடங்கில் நெடுங்காலம் அப்படியே கிடக்கும்.

ஆகவே 'உக்கும்' என்று அச்சிட்ட பையைக் கண்டால் இரண்டு கேள்வி கேளுங்கள். மாவோடு வேறென்ன இருக்கிறது? எங்கே உக்கும்? அயடீன் துளி மாப்பொருள் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், மற்றதைச் சொல்லாது. ஐரோப்பாவில் வாழும் சகோதரிகள் பையில் பார்க்கும் EN என்பதற்குரிய ஈ.என். 13432 என்ற நியமமும் தொழிற்சாலை முறைக் கூட்டெருவுக்கே உரியது. வீட்டில் உக்குவதற்கு வேறு முத்திரை உண்டு.

நல்ல உறை கைக்கு வரும்வரை நம் சமையலறையில் செய்யக்கூடியவை உண்டு. கீரையை ஈரத்துணியில் சுற்றுவோம். தக்காளியை முடிச்சிட்ட பையிலிருந்து வெளியே எடுப்போம். சந்தைக்குப் பனையோலைக் கடகமும் சாப்பாட்டுக்கு வாழையிலையும் எடுத்துப் போவோம்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டு ஆண்டில், ஆய்வுகூட மாணவிகள் தாங்களே மரவள்ளி மாவில் உறை செய்யட்டும். அதையும், கடையில் வாங்கிய 'உக்கும்' பைகளையும், ஒரு பொலித்தீன் பையையும் பாடசாலைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் புதைத்து, ஒரு மாரி கழிந்ததும் தோண்டிப் பார்க்கட்டும். செலவை நாங்கள் ஏற்கிறோம். மண் சொல்லும் விடையை அடுத்த மலரில் அவர்களே எழுதட்டும்.