மயக்கம் தடுக்க நீரும் உப்பும் உணவும்

(அடையாற்றில் கூடிய ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், விவசாயிகள் ஆகியோரிடையே வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இரண்டு நாட்களாகத் தாங்கள் சென்னை நகரைச் சுற்றிப் பார்த்து வருகிறீர்கள். உரத்தைப் பற்றியோ சாலை மராமத்தைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்று மயக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன். ஆயினும் நான் செய்த தவறு ஒன்று, இதுபற்றிப் படிக்கவும் மருத்துவர்களிடம் கேட்டறியவும் என்னைத் தூண்டிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் கட்டடத் திறப்பு விழா ஒன்றை ஏற்பாடு செய்தேன். பத்து மணிக்கு என்று அறிவித்திருந்தோம், தொடங்கும்போது பதினொன்றரை. பந்தலில் இடம் போதவில்லை. பெண்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஓர் அம்மாள் வேரற்ற வாழைபோல் சாய்ந்தார். நாங்கள் ஓடிச் சென்று அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். ஒருவர் வாயில் சோடாவை ஊற்ற முயன்றார். மற்றொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். கண் திறக்கத் தொடங்கியவர் உட்காரவைத்ததும் மீண்டும் மயங்கினார். கூட்டத்திலிருந்த நர்ஸ் அம்மையார் ஒருவர் எங்களை அதட்டி விலக்கி, அவரைத் தரையில் கிடத்திக் கால்களை உயர்த்திப் பிடித்த பின்னரே தெளிந்தார். காலையில் ஒன்றும் உண்ணாமலும், ஒதுங்க இடமிராதென்று அஞ்சித் தண்ணீர்கூடக் குடியாமலும் வந்தாராம். அவர் விழுந்ததற்கு வெயில் மாத்திரம் காரணமன்று. நானும் ஒரு காரணம்.

மயக்கம் ஏன் வருகிறது? நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் வயிற்றிற்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. உடனே இரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் சற்று விரைந்து அடித்து, மூளைக்கு வேண்டிய இரத்தத்தை மேலே ஏற்றுகின்றன. ஏரியில் நீர் மட்டம் தாழ்ந்தால் முதலில் காய்வது கடைமடை என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிற்கும் மனிதனுக்குத் தலைதான் கடைமடை. வியர்வையால் நீரும் உப்பும் குறைந்துவிட்டால் அங்கே இரத்தம் எட்டுவதில்லை. சிலருக்கு இன்னொரு கோளாறும் உண்டு. நெடுநேரம் நின்றாலோ, இரத்தத்தைக் கண்டாலோ, ஊசி போட்டாலோ, நரம்பின் தூண்டுதலால் இதயத் துடிப்பு திடீரெனக் குறைந்து, குழாய்களும் விரிந்துவிடும். இத்தகையோர் அடிக்கடி விழுவர். இவர்களைப் பேய் பிடித்தவர் என்றோ, வேலைக்குப் பயந்து நடிப்பவர் என்றோ பேசுவது பெருங்கொடுமை.

நேற்று தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவுக்குத் தாங்கள் போயிருப்பீர்கள். கடைகளில் பணிபுரியும் பெண்கள் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்யும் வழக்கம் அங்கு நெடுங்காலமாக இருந்தது. 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்கள் உட்கார இருக்கை தரப்பட வேண்டும் என்று விதித்தது. உட்காருவதற்கும் ஒரு சட்டமா என்று சிலர் நகைத்தனர். நின்று நின்று மயங்கியவர் நகைத்திருக்க மாட்டார்.

மெரீனா கடற்கரையில் 2024 அக்டோபர் 6-ஆம் நாள் விமானப்படையின் சாகசக் காட்சி நடைபெற்றது. அது சித்திரையுமன்று, கத்திரியுமன்று, புரட்டாசி மாதம். காலை முதலே இலட்சக்கணக்கானோர் வெயிலில் காத்திருந்தனர். பலர் மயங்கி விழுந்தனர், ஐவர் உயிரிழந்தனர். அதே மாதத்தில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இக்கடற்கரைக்கு அருகில் உள்ளதுதான் மயிலாப்பூர். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் அறுபத்து மூவர் உலா வரும்போது மாட வீதிகளில் நீர்மோரும் பானகமும் வழங்குவது பழைய வழக்கம். அதைப் புண்ணியத்திற்காகச் செய்தார்கள். ஆனால் அதில் அடங்கிய அறிவு சாமானியமானதன்று. மோரில் நீர் இருக்கிறது, சேர்த்த உப்பு இருக்கிறது, பொட்டாசியமும் இருக்கிறது. பானகத்தில் வெல்லம் இருக்கிறது; அதில் ஒரு சிட்டிகை உப்பும் இட்டால் நலம். ஏனெனில், சிறுகுடலில் சர்க்கரையும் உப்பும் ஒன்றாகச் சென்றால் இரண்டும் கைகோத்து உள்ளே புகுந்து, நீரையும் தம்முடன் இழுத்துச் செல்கின்றன. 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹாலனபிஸ் இவ்விதியைக் கொண்டே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார்.

இன்று சுகாதார நிலையங்களில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதே வழியில் வந்தது. 20.5 கிராம் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு தம்ளரில் கொட்டிக் குடிப்பது தீங்கு. பொட்டலம் இல்லையேல், காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். பெட்டிக் கடைகளில் அப்பெயரோடு விற்ற இனிப்புப் பானங்களைக் கண்டு ஏமாந்தோர் பலர்; 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவை அப்பெயரைத் தாங்கலாகாது என்று உத்தரவிட்டது.

இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை. அது நல்ல பானமே. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, உப்பின் சத்தாகிய சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே நாள் முழுதும் களை எடுத்தவருக்கு இளநீர் மட்டும் ஈடு செய்யாது. உப்பிட்ட கஞ்சியோ மோரோ வேண்டும். நம் முன்னோர் நீராகாரத்தில் உப்பிட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வயலுக்குப் போனது வறுமையால் மட்டுமன்று. காலை ஆகாரத்தைத் தேநீரோடு முடித்துக்கொள்ளும் புதுப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. மதியம் ஒரேயடியாக வயிறு புடைக்க உண்பதும் தகாது. இரத்தம் வயிற்றிற்குத் திரும்பி, எழுந்ததும் தலை சுற்றும். பெண்களுக்கு இரத்தசோகை வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றோடு சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் உண்ண வேண்டும். ஆனால் தேநீரோடு விழுங்கக் கூடாது.

அடிக்கடி மயங்குவோருக்கு நாளொன்றுக்கு இரண்டு, மூன்று லிட்டர் நீரும் சற்று அதிக உப்பும் மருத்துவர்கள் விதிப்பதுண்டு. இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளலாகாது. பொதுவாக ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் உப்பையோ, பொட்டாசியம் மிகுந்த இளநீரையோ கூட்டுதல் ஆபத்து. அழுத்த மாத்திரை உண்ணும் முதியவர் எழும்போது தள்ளாடினால், மாத்திரையின் அளவைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

கண் இருளுதல், கொட்டாவி, குமட்டல், குளிர்ந்த வியர்வை ஆகியவை முன்னறிவிப்புகள். அப்போதே வெட்கப்படாமல் உட்காருங்கள் அல்லது படுத்துவிடுங்கள். இயலாவிடில் கால்களைப் பின்னித் தொடைகளை இறுக்கிக் கைகளை மடக்கிப் பிடித்தால் இரத்தம் மேலேறும். விழுந்தவரைக் கிடத்திக் கால்களை உயர்த்துங்கள். முற்றும் தெளியும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழலில் இறங்கிவிடும். இரண்டொரு நிமிஷத்தில் தெளியாவிடினும், மார்வலி இருந்தாலும், ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கினாலும் 108-ஐ அழையுங்கள். உடல் நெருப்பாகச் சுட்டு உளறுவாராயின் அது வெப்பத் தாக்கு. வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள்.

அந்த நாளுக்குப் பின் என் விழாக்களைக் காலை எட்டு மணிக்கு வைக்கிறேன். வரவு செலவில் மாலைகளுக்கு முன்னால் பந்தல், பெஞ்சு, தண்ணீர்ப் பானை, பெண்களுக்கு மறைவிடம் ஆகிய நான்கையும் எழுதுகிறேன். பேச்சாளர் தாமதித்தால் அவரில்லாமலே தொடங்கிவிடுகிறேன். இதனால் சிலருக்கு என்மீது வருத்தம் உண்டு.

வெளியே தாழ்வாரத்தில் மோர் வைத்திருக்கிறோம். இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்போருக்கு உப்பிடாத மோர் இடப்பக்கத்துப் பானையில் இருக்கிறது. அருந்திவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள்.