படப்பிடிப்புக்குக் காப்பீடு: முதலில் யாரை நினைப்பது?

(தாராசுரம் விழாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு வருவோர் தவறாமல் தேடிப் பார்க்கும் சிற்பம் ஒன்று உண்டு. ரிஷப குஞ்சரம் என்பது அதன் பெயர். தலை ஒன்று, உடல்கள் இரண்டு. ஒரு பக்கத்தை மறைத்துப் பார்த்தால் காளை தெரியும். மறுபக்கத்தை மறைத்துப் பார்த்தால் யானை தெரியும். திரைப்படத் தயாரிப்புக்கென எடுக்கப்படும் காப்பீட்டுப் பத்திரமும் இத்தகையதே. முதலீடு செய்தவரின் கண்ணுக்கு அது பணத்தின் காவல். விளக்குக் கம்பத்தின் அடியில் நிற்கும் தொழிலாளியின் கண்ணுக்கு அது தம் குடும்பத்தின் சோறு. இவ்விரண்டும் ஒரே பத்திரத்தில் அடங்க வேண்டும். அடங்குமாறு தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

காவிரிக் கழனி மக்களுக்குக் காப்பீடு புதியதன்று. 2016ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெற்பயிருக்குப் பருவத்தைப் பொறுத்துக் காப்பீட்டுத் தொகையில் 2 அல்லது 1.5 விழுக்காட்டை உழவர் செலுத்துகிறார். எஞ்சிய பிரீமியத்தை அரசுகள் ஏற்கின்றன. வருவாய்க் கிராமத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, கிடைத்த சராசரி விளைச்சலைக் கொண்டு இழப்பீடு கணக்கிடப்படுகிறது. திரைப்படக் காப்பீட்டில் இவற்றுள் ஒன்றும் இல்லை. பிரீமியம் முழுவதும் தயாரிப்பாளருடையது. ஒவ்வோர் இழப்பையும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டும். எதற்குக் காப்பு, எதற்கு இல்லை என்பதைக் கையெழுத்திடுமுன் அவரேதான் தீர்மானிக்க வேண்டும்.

தமிழ்த் திரையுலகம் நெடுங்காலம் இந்தக் காப்பின்றியே நடந்தது. 1967 ஜனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது அவர் நடித்துக்கொண்டிருந்த படங்கள் அப்படியே நின்றன. அவற்றுள் ஒன்றான ‘காவல்காரன்’, அவர் உடல்நலம் தேறியபின், மாறிய குரலோடு அதே ஆண்டு வெளிவந்தது. ஒருவர் உடலை நம்பிப் பல நூறு பேரின் பிழைப்பு நிற்கிறது என்பதை அந்த மாதங்கள் உணர்த்தின. 1989 பிப்ரவரி 8ஆம் நாள் மைசூரு பிரீமியர் ஸ்டுடியோவில் ‘திப்பு சுல்தான்’ தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் மூண்ட தீ 62 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பத்தாண்டு கழித்து, 1999இல் வெளிவந்த ‘தால்’ என்னும் இந்திப் படத்துக்கு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா நிறுவனம் காப்பீடு வழங்கியது. இந்தியத் திரைப்படக் காப்பீட்டின் தொடக்கமாக அது பேசப்படுகிறது.

எனினும் துயரம் நின்றுவிடவில்லை. 2020 பிப்ரவரி 19ஆம் நாள் இரவு, சென்னையை அடுத்த ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் மாண்டனர். படத்தின் நாயகர் கமல்ஹாசன் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் பணியாளர்களின் பாதுகாப்பையும் காப்பீட்டையும் வலியுறுத்தினார். 2025 ஜூலை 13ஆம் நாள், இந்த டெல்டாவிலேயே, நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில் கார் பாய்ந்து கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின்னர், நடிகர் அக்‌ஷய் குமார் நாடெங்கும் உள்ள சுமார் 650 சண்டைக் கலைஞர்களுக்குக் காப்பீடு கிடைக்க வழிசெய்த செய்தி வெளிவந்தது. செய்தவர் போற்றத்தக்கவரே. ஆயினும் ஒரு தனிமனிதரின் ஈகையால் கிடைப்பது, தொழிலின் கணக்கிலேயே ஒரு செலவாக எழுதப்பட்டிருக்க வேண்டியதன்றோ?

ஆகவே தேர்வின் வரிசை இவ்வாறு அமைதல் நலம்.

முதலாவது, மனிதர். படத்தயாரிப்பில் பணிபுரிவோர் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றவர்கள். எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுத் திரைத்தொழிலாளர் சட்டம் கூறியது. பணியில் நேரும் சாவுக்கும் ஊனத்துக்கும் முதலாளியின் பொறுப்பைத் தாங்கும் பாலிசி ஒன்று. தனிநபர் விபத்துக் காப்பீடு மற்றொன்று. இவ்விரண்டிலும் பெயர்ப் பட்டியலைப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து வருபவர் பெயர் இருக்கும். அன்று காலை உள்ளூரில் நாட்கூலிக்கு அமர்த்தப்பட்ட லைட் தூக்குபவர், சமையற்காரர், வேன் ஓட்டுநர் ஆகியோரின் பெயர் இருக்குமா? பெயர் குறியாமல் தலைக்கணக்கில் காப்பீடு பெறும் வழியைக் கேட்டு வாங்க வேண்டும். சண்டைக் காட்சி இருப்பின் அதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். சாதாரண விபத்துப் பாலிசிகள் துணிகரச் செயல்களைப் பொதுவாக விலக்கிவிடும்.

இரண்டாவது, அயலார். தாராசுரத்துத் தெருவில் கேமரா நகரும்போது ஒரு நெசவாளர் வீட்டுப் பட்டுத்தறி உடைந்தால், அவருக்கு நாட்கணக்கில் வருமானம் நிற்கும். அதனை ஈடுசெய்வது மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீடு.

மூன்றாவது, பொருள். செட், உடைகள், வாடகைக் கேமரா ஆகியவை இதில் அடங்கும். இங்கே பலர் தவறுவது தொகையில். ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள செட்டைப் பிரீமியம் குறைய வேண்டி 60 இலட்சத்துக்கே காப்பீடு செய்ததாகக் கொள்வோம். தீயில் 20 இலட்சம் இழப்பு. காப்பீட்டுத் தொகைக்குள்தானே இழப்பு அடங்கியது, முழுவதும் வரும் என்று எண்ணலாம். வராது. சராசரி விதிப்படி நூற்றுக்கு அறுபது, அதாவது 12 இலட்சமே கணக்காகும்; அதிலிருந்து தயாரிப்பாளர் ஏற்க வேண்டிய பங்கும் கழியும்.

நான்காவதாகவே முதலீடு வருகிறது. முக்கிய நடிகர் நோயுற்றுப் படப்பிடிப்பு நின்றால் ஆகும் கூடுதல் செலவுக்குக் காப்புண்டு. ஆனால் மருத்துவப் பரிசோதனையில் பழைய நோயை மறைத்தால் பாலிசியே செல்லாமற் போகலாம். கால்ஷீட் தகராற்றில் நடிகர் தாமே விலகினால் காப்பில்லை. மழைக்குக் காப்பு வேண்டுமெனில் தனியே பேசிப் பெற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் படம் எடுப்போர் இதை மறத்தலாகாது.

நம் குடும்பங்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கரந்தையிலும் தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் பழைய வீடுகளையும் களங்களையும் படப்பிடிப்புக்குக் கேட்டு வருவோர் இருக்கலாம். வாடகையைப் பேசுமுன், மூன்றாம் தரப்புப் பாலிசியின் நகலைக் கேளுங்கள். அதன் காலம், தொகை, இடம் மூன்றையும் படியுங்கள். தயாரிப்பு நிர்வாகி முகம் சுளித்தாலும் கேளுங்கள். திரைத்துறையில் பணிக்குச் செல்லும் பிள்ளைகளிடம், சம்பளத்தைக் கேட்கும் அதே மூச்சில் காப்பீட்டையும் கேட்கச் சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. ஐராவதேசுவரர் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. தொல்லியல் துறையின் உரிமமின்றி அங்கே திரைப்படம் எடுத்தல் இயலாது. அங்குள்ள தூண்களில் விரலளவுச் சிற்பங்கள் உள்ளன. ஒரு தண்டவாளம் உரசி அவற்றுள் ஒன்று உதிர்ந்தால் எந்த நிறுவனமும் எவ்வளவு தொகை அளித்தாலும் அந்த உளி திரும்ப வாராது. உயிரும் அத்தகையதே. இழப்பீடு என்பது இழந்தபின் வருவது. எச்சரிக்கை என்பது இழவாமற் காப்பது. கிரேனின் அடிப்பகுதியைச் சோதிக்க ஆகும் அரை மணி நேரத்தை எந்தப் பாலிசியும் ஈடுசெய்யாது.

நல்ல காப்பீடு, அதைப் பயன்படுத்தும் நாள் வாராமலே காலாவதியாகும் காப்பீடு. அத்தகைய பத்திரங்களே பெருகுக.